20 வீச்சில் கதை முடியலாம்... கோடாரி எறிதல் சாம்பியன்ஷிப்புக்கு முதல்முறை போறவங்க எப்படி தயாராகணும்?

விமான டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம், ஆபீஸில் நாலு நாள் லீவு. இவ்வளவையும் போட்டு அமெரிக்காவிலோ கனடாவிலோ நடக்கும் கோடாரி எறிதல் சாம்பியன்ஷிப்புக்குப் போகிறார் ஒரு புதியவர். முதல் ஆட்டத்தில் 10 வீச்சு, தோல்வி. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு 10 வீச்சு, அதிலும் தோல்வி. அவ்ளோதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த விளையாட்டின் தொடர்கள் பெரும்பாலும் ‘டபுள் எலிமினேஷன்’ முறையில் நடக்கின்றன. ஒருமுறை தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டாவது முறை தோற்றால் வெளியே. ஆக, முதல்முறை போகிறவருக்கு உறுதியாகக் கிடைப்பது சில நேரம் வெறும் 20 வீச்சுகள்தான். அந்த 20-ஐ வீணாக்காமல் இருக்க, அதற்கு முந்தைய சில மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

கோடாரியை எறியறதெல்லாம் ஒரு போட்டியா?

கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இன்று மால்களிலும் பழைய கிடங்குகளிலும் காணப்படும் இந்த ‘இண்டோர்’ விளையாட்டின் தொடக்கம் 2006-ல், கனடாவின் டொரண்டோ நகரில். மேட் வில்சன் என்பவர் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்களோடு கோடாரி எறிந்து விளையாட ஆரம்பித்தார். ‘பேக்யார்ட் ஆக்ஸ் த்ரோயிங் லீக்’ என்ற பெயரிலேயே கொல்லைப்புறம் இருக்கிறது. 2011-ல் அது உள்ளரங்குக்கு மாறியது. ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் அதே டொரண்டோதான். அங்கே இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு, வார இறுதியில் பௌலிங் போவது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு.

2016-ல் சர்வதேச கோடாரி எறிதல் கூட்டமைப்பும், 2017-ல் உலக கோடாரி எறிதல் லீக்கும் உருவாகின. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் உலக லீக்கின் சாம்பியன்ஷிப் ஒளிபரப்பான பிறகு, பிறந்தநாள் பார்ட்டியில் எறிந்து பழகிய பலருக்கும் ‘நாமும் போய்ப் பார்த்தா என்ன’ என்ற ஆசை வந்தது.

இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஹேவர்டில் 1960 முதல் நடந்துவரும் மரம்வெட்டிகளின் உலக சாம்பியன்ஷிப்பிலும் கோடாரி எறிதல் உண்டு. அது வேறு. அங்கே இரண்டு பக்கமும் வாய் உள்ள பெரிய கோடாரி, 20 அடி தூரம். இந்தக் கட்டுரையில் பேசுவது, ஒரு பக்கம் மட்டும் வாய் உள்ள கைக்கோடாரியை 12 அடி தூரத்திலிருந்து எறியும் உள்ளரங்கப் போட்டியைப் பற்றி.

எந்த விதியில் ஆடப் போறீங்க?

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு இங்கேதான். பக்கத்து மையத்தில் ஒரு விதியில் பழகுவது, போட்டிக்குப் போனால் அங்கே வேறு பலகை, வேறு புள்ளி.

உலக லீக்கின் பலகையில் வெளி வட்டத்திலிருந்து உள்ளே 1, 2, 3, 4 என்று புள்ளி ஏறும். நடுவில் இருக்கும் புல்ஸ்ஐ-க்கு 6. மேலே இரண்டு ஓரங்களிலும் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதன் பெயர் ‘கில்ஷாட்’, 8 புள்ளி. ஒரு ஆட்டத்துக்கு 10 வீச்சு. எட்டு புல்ஸ்ஐ, இரண்டு கில்ஷாட் என்று எல்லாமே பட்டால் 64. அதற்கு மேல் எடுக்கவே முடியாது.

கூட்டமைப்பின் கணக்கு வேறு. அங்கே மூன்றே வட்டங்கள்: நீலத்துக்கு 1, சிவப்புக்கு 3, நடு கறுப்புக்கு 5. மேலே இரண்டு பச்சைப் புள்ளிகள் உண்டு, அவற்றுக்கு ‘கிளட்ச்’ என்று பெயர், 7 புள்ளி. ஒரு சுற்றுக்கு 5 வீச்சு, மூன்று சுற்று சேர்ந்தது ஒரு ஆட்டம். கிளட்ச்சை ஒவ்வொரு சுற்றின் ஐந்தாவது வீச்சில் மட்டும்தான் கேட்க முடியும். முழுப் புள்ளி 81. ஆட்டம் சமனில் நின்றால் பெரிய கோடாரியை எடுத்து எறிந்து முடிவு பார்ப்பார்கள். சின்னதை மட்டும் பழகிவிட்டுப் போகிறவர் அங்கே திணறுவதுண்டு. நீளமான காம்பு, கனமான தலை, இரண்டு கையாலும் எறிய வேண்டும், நிற்கும் இடமும் இன்னும் பின்னால்.

கோடாரியின் வாய் இரண்டு வட்டங்களுக்கு நடுவே பட்டால் எந்தப் புள்ளி? இதிலும் இரண்டு விதமாக ஆடுகிறார்கள். உயர்ந்த வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே போதும் என்பது ஒன்று, வாயின் பெரும்பகுதி எந்த வட்டத்தில் இருக்கிறதோ அந்தப் புள்ளிதான் என்பது மற்றொன்று. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தில் இதுதான் சண்டைக்குக் காரணம். விதிப்புத்தகம் அடிக்கடி திருத்தப்படுகிறது, கில்ஷாட்டை எந்த வீச்சில் கேட்கலாம் என்பது உட்பட. அதனால் போன வருஷம் யாரோ போட்ட யூட்யூப் வீடியோவை நம்பாமல், நீங்கள் போகும் போட்டியின் பக்கத்திலிருந்து இந்த ஆண்டுக்கான விதியை இறக்கி ஒருமுறை முழுசா படிச்சிடுங்க.

நேரா சாம்பியன்ஷிப்புக்குப் போக முடியுமா?

பெரிய சாம்பியன்ஷிப்புக்கு, பணம் கட்டினால் இடம் என்பது கிடையாது. அங்கீகாரம் பெற்ற மையத்தில் லீக் ஆட வேண்டும். கூட்டமைப்பின் ஒரு சீசன் எட்டு வாரம். ஏழு வாரம் வழக்கமான ஆட்டங்கள், எட்டாவது வாரம் நாக்-அவுட். வாரத்துக்கு நாலு ஆட்டம் என்ற கணக்கில் ஏழு வாரத்தில் 28 ஆட்டம். உலக லீக்கும் ஆண்டை சீசன்களாகப் பிரித்து இதே பாணியில்தான் நடத்துகிறது. அந்தப் புள்ளிகளின் அடிப்படையில் தரவரிசை, தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு சாம்பியன்ஷிப் இடம். அதில் தவறியவர்களுக்குத் தகுதிப் போட்டிகளும் உண்டு.

ஆனால் முதல்முறை போட்டி அனுபவம் வேண்டும் என்பவர், மையங்கள் நடத்தும் திறந்த போட்டிகளில் பெயர் கொடுப்பதுதான் நல்லது. அங்கேயும் அதே விதி, அதே நடுவர் முறை, அதே பதற்றம். செலவு மட்டும் குறைவு. ஒரு சீசன் லீக்கும் இரண்டு மூன்று உள்ளூர்ப் போட்டியும் முடிக்காமல் நேரே பெரிய மேடைக்கு ஆசைப்படுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

ஒரே ஒரு சுழற்சி... அங்கதான் எல்லாமே இருக்கு

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பலத்தைக் காட்டும் விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் பலம் இங்கே பாதி எதிரி. கையிலிருந்து கிளம்பும் கோடாரி, பலகையை அடைவதற்குள் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிளம்பும்போது தலை மேலே, வாய் பலகையைப் பார்த்து இருக்கும். ஒரு சுற்று முடிந்து அதே நிலைக்கு வரும் நொடியில் பலகை எதிரே இருந்தால் குத்தி நிற்கும். கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ ஆனால் கீழே விழும்.

பிடி: சுத்தியலைப் பிடிப்பது போல, காம்பின் அடிப்பகுதியில். நசுக்கிப் பிடிக்க வேண்டாம், நழுவவும் விடக்கூடாது. புதியவர்கள் இரண்டு கையால் தலைக்கு மேலிருந்து எறிவதில் ஆரம்பிப்பது சுலபம், ஏனென்றால் கோடாரி பக்கவாட்டில் சாயாது. ஒரு கையால் எறிகிறவர்களும் ஜெயிக்கிறார்கள். எது வசதியோ அதைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

மணிக்கட்டு: அசையவே கூடாது. கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பந்தை விடும்போது கடைசியில் மணிக்கட்டைச் சுண்டுவார்கள் இல்லையா, அதே பழக்கம் இங்கேயும் வந்துவிடும். ஒரு சுண்டு சுண்டினால் கோடாரி வேகமாகச் சுற்றி, ஒரு சுற்றைத் தாண்டிவிடும். முழங்கை நீண்டு, கை கண்ணுக்கு நேரே வரும்போது விரல்களைத் திறந்து விட்டால் போதும். எறிவதைவிட ‘விடுவது’ என்றுதான் இதைச் சொல்லணும்.

விழுந்த கோடாரியைப் பார்த்துத் திட்டுவதற்குப் பதில், அது எப்படிப் பட்டது என்று பாருங்கள். காம்பின் அடி முதலில் பலகையில் மோதினால் சுழற்சி போதவில்லை. கொஞ்சம் பின்னால் நகர வேண்டும். தலையின் மேல்பகுதி முதலில் மோதினாலோ, குத்தி நின்றாலும் காம்பு பலகையைவிட்டு மேலே தூக்கிக்கொண்டு இருந்தாலோ சுழற்சி அதிகம். கொஞ்சம் முன்னே வர வேண்டும். ஆனால் முன்னே வர இடம் இருக்க வேண்டுமே? கோடு 12 அடியில் இருக்கிறது, அதைத் தாண்டினால் அந்த வீச்சுக்குப் புள்ளி கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் பலரும் கோட்டை ஒட்டி நிற்காமல், ஓர் அடியோ அரை அடியோ பின்னால் தங்கள் இடத்தை வைத்துக்கொள்கிறார்கள். முன்னும் பின்னும் நகர இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும்.

அந்த இடத்தை அளந்து வையுங்கள். ‘கோட்டிலிருந்து என் காலால் ஒன்றரைப் பாதம் பின்னால்’ என்று தெரிந்தால், எந்த ஊரில் எந்த அரங்கில் நின்றாலும் முதல் வீச்சே தடுமாறாது. பயிற்சி மையத்தின் தரையில் இருக்கும் கறையையோ டைல்ஸ் இணைப்பையோ அடையாளம் வைத்துப் பழகினால், அந்தக் கறை போட்டி அரங்கில் இருக்காது!

முதல் இலக்கு புல்ஸ்ஐ இல்லை

இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வார், எந்தப் புதியவரும் கேட்க மாட்டார். ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். உலக லீக் விதியில் ஒருவர் பத்து வீச்சில் ஆறு புல்ஸ்ஐ அடிக்கிறார், நாலு கீழே விழுகிறது. மொத்தம் 36. எதிரே நிற்பவர் ஒரு புல்ஸ்ஐ கூட அடிக்கவில்லை, பத்தையும் 4 புள்ளி வட்டத்தில் குத்தி நிறுத்துகிறார். மொத்தம் 40. கைதட்டல் முதல் ஆளுக்கு, வெற்றி இரண்டாவது ஆளுக்கு.

பயிற்சி நோட்டில் புல்ஸ்ஐ எத்தனை என்று எழுதுவதைவிட, விழுந்தது எத்தனை என்று எழுதுங்கள். பத்துப் பத்தாகத்தான் எண்ண வேண்டும். சும்மா நூறு வீச்சு எறிந்துவிட்டு ‘இன்னைக்கு நல்லா இருந்தது’ என்று வீட்டுக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. அதிலும் அன்றைக்கு எறிந்த முதல் பத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். போட்டியில் உடம்பு சூடாகி, கை பழகி, அறுபதாவது வீச்சில் வரும் நிதானம் கிடைக்காது. நீண்ட நேரம் உட்கார வைத்துவிட்டு, திடீரென்று பெயரைக் கூப்பிட்டு, நாலைந்து பயிற்சி வீச்சோடு ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். உங்கள் உண்மையான தரம் அந்தக் குளிர்ந்த முதல் பத்துதான்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பத்து எறியுங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள், போனைப் பாருங்கள், யாரோடாவது பேசுங்கள். திரும்ப வந்து பத்து. மறுபடி உட்காருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். போட்டி நாள் அப்படித்தான் இருக்கும்.

கில்ஷாட் கேக்கலாமா, வேணாமா?

கில்ஷாட்டை முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிட்டு எறிய வேண்டும். சொல்லாமல் பட்டால் அதற்குப் புள்ளி இல்லை. சொல்லிவிட்டுத் தவறினால் பூஜ்ஜியம். இதிலும் ஆசை வேண்டாம், கணக்கு வேண்டும்.

நடுவில் எறியும்போது பத்துக்கு ஆறு புல்ஸ்ஐ, மீதி நாலு பக்கத்து 4 புள்ளி வட்டம் என்று வைத்துக்கொள்வோம். 36-ம் 16-ம் சேர்ந்து 52. அதே ஆள் கில்ஷாட்டைப் பத்து முறை கேட்டு ஆறு முறை அடித்தால் 48, ஏழு முறை அடித்தால் 56. அதாவது பயிற்சியில் பத்துக்கு ஏழு கில்ஷாட் விழாதவரை, கேட்பதில் லாபம் இல்லை. கேட்காமல் நடுவிலேயே எறிந்துகொண்டிருக்கலாம்.

கூட்டமைப்பு விதியில் இதே ஆளுக்கு ஆறு புல்ஸ்ஐ 30, நாலு சிவப்பு 12, ஆக 42. கிளட்ச்சில் பத்துக்கு ஆறு என்றாலும் அதே 42. அங்கே கொஞ்சம் சீக்கிரமே துணியலாம். இன்னொரு பக்கம், ஏழு புள்ளி பின்தங்கிக் கடைசி வீச்சுக்கு வந்து நிற்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 6 போதாது, 8 தான் வேண்டும். அப்போது கேட்டே ஆக வேண்டும். ஸ்கோரை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே எறியப் பழகுவது இதற்காகத்தான்.

சொந்தக் கோடாரி வாங்கணுமா?

முதல் சீசனில் அவசரமே இல்லை. மையத்தில் இருக்கும் கோடாரிகளில் கைக்கு ஒத்துவரும் ஒன்றைப் பிடித்துப் பழகலாம். போட்டிக்குப் போகும் கட்டத்தில்தான் சொந்தமாக வேண்டும், ஏனென்றால் எடையும் காம்பின் நீளமும் கொஞ்சம் மாறினாலே சுழற்சி மாறும்.

கைக்கோடாரியின் தலை பொதுவாக ஒன்றேகால் பவுண்டிலிருந்து இரண்டு பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 570 முதல் 900 கிராம். தலையின் எடை, வாயின் அகலம், காம்பின் நீளம் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. போட்டிக்கு முன் அளந்து பார்ப்பார்கள். கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி, அளவில் அடிபட்டு, அரங்கின் வாடகைக் கோடாரியோடு ஆட நேர்ந்தால் அத்தனை மாசப் பயிற்சியும் வீண்.

‘கோடாரிக் காம்பு’ என்றால் நம்மிடம் வசைச்சொல். இந்த விளையாட்டில் நிஜமாகவே காலை வாருவது அதுதான். ஹிக்கரி மரக் காம்புகள் உறுதியானவை என்றாலும், பக்கத்தில் ஏற்கெனவே குத்தி நிற்கும் இன்னொரு கோடாரியின் மேல் மோதினாலோ, திரும்பத் திரும்பத் தரையில் விழுந்தாலோ விரிசல் விடும். தலைக்குக் கீழே காம்பில் மெல்லிய கோடு தெரிகிறதா, தலை லேசாக ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆடினால் ஆப்பை இறுக்காமல் எறியவே கூடாது. காம்பிலிருந்து கழன்று பறக்கும் தலை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டிக்குப் போகும்போது ஒரே மாதிரி இரண்டு கோடாரி கொண்டுபோவது நல்லது. இரண்டாவதை அலமாரியில் வைக்காமல், இரண்டையும் மாற்றி மாற்றி எறிந்து பழகுங்கள்.

வாய் சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டியதில்லை. மழுங்கியும் இருக்கக் கூடாது. தரையில் விழுந்து வளைந்த ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்தால் போதும். காம்புக்கு ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் பைக்குள்ளோ குப்பைத்தொட்டியிலோ போட்டால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. துணியை விரித்துத் திறந்தவெளியில் காயப் போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

வீட்டில் பழக இடம் இருக்கிறது என்று மரத்தில் எறிந்து பார்க்க வேண்டாம். உயிருள்ள மரத்தின் வளைவான பரப்பில் பட்டுக் கோடாரி எங்கே தெறிக்கும் என்று தெரியாது. மரத்துக்கும் காயம்.

பலகையையும் படிக்கணும்

புதியவர்கள் பலகையை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. பைன், பாப்ளர், காட்டன்வுட் மாதிரி மென்மையான மரங்களின் பலகைகளைச் செங்குத்தாக அடுக்கித்தான் இலக்கு செய்கிறார்கள். மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுவதால், செங்குத்தாக வரும் வாய் நாரைப் பிளந்து உள்ளே இறங்கும். காய்ந்த பலகையில் தெறிக்கும் என்பதால் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பார்கள். நடுப்பலகைதான் சீக்கிரம் சிதையும்.

சிதைந்த பலகையில், சரியாகப் பட்டாலும் கோடாரியைப் பிடித்து நிறுத்த மரம் இருக்காது. புதுப் பலகையிலோ, மெதுவாக எறிந்தால் தெறித்துவிடும். உலக லீக்கில் ஐந்து வீச்சுக்குப் பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். ஆகவே எதிராளியின் பலகையும் உங்கள் பலகைதான். உங்கள் ஆட்டத்துக்கு முன்பு அந்த லேனில் நடக்கும் ஆட்டத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் மரம் பெயர்ந்திருக்கிறது, எங்கே பட்டால் விழுகிறது என்று தெரிந்துவிடும். போனை நோண்டிக்கொண்டிருக்கும் போட்டியாளருக்கு இது தெரியாது.

தோள்பட்டை ஜாக்கிரதை

ஒரே அசைவை ஒரே கையால் நூற்றுக்கணக்கான முறை செய்கிறோம். தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் முழங்கைத் தசைநாணும்தான் முதலில் முறையிடும். போட்டிக்கு முந்தைய வாரம் எண்ணிக்கையைக் கூட்டுவது பலரும் செய்யும் தவறு, அப்போது குறைக்கத்தான் வேண்டும். எறிவதற்கு முன் தோளையும் முதுகையும் அசைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். விழுந்த கோடாரியை எடுக்கக் குனிந்து குனிந்தே இடுப்பு போனவர்களும் உண்டு (விழாமல் எறிய இன்னொரு காரணம்). வலி இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு தொடராமல் மருத்துவரைப் பாருங்கள்.

போட்டி நாள்ல என்ன நடக்கும்?

உள்ளே நுழைந்ததும் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். காயம் ஏற்பட்டால் நான் பொறுப்பேற்கிறேன் என்ற ஒப்புதல் அது. படிக்காமல் போடாதீர்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் போட்டி விளையாட்டுக் காயங்கள் சேருமா, விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். அமெரிக்காவில் ஒரு தையல் போடும் செலவு, டிக்கெட் விலையோடு போட்டி போடும்.

விரல்கள் மூடிய ஷூ கட்டாயம், செருப்போடு போனால் லேனுக்குள்ளேயே விடமாட்டார்கள். இருவரும் எறிந்து முடித்த பிறகுதான் இருவரும் சேர்ந்து பலகைக்குப் போக வேண்டும். நடுவர் புள்ளியைச் சொல்லும் முன் கோடாரியை உருவினால் அந்தப் புள்ளி போகலாம். புதியவர்கள் பதற்றத்தில் இதைத்தான் செய்வார்கள். புள்ளியில் சந்தேகம் இருந்தால் கோடாரி பலகையில் இருக்கும்போதே கேளுங்கள், உருவிய பிறகு பேசிப் பயனில்லை. யார் கையிலும் நேரடியாகக் கோடாரியைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு விலகினால், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள், விழ விட்டுவிடுங்கள்.

பெரிய அரங்கில் வரிசையாகப் பல லேன்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். நீங்கள் கையைத் தூக்கும் நொடியில் பக்கத்து லேனில் கூச்சல் கிளம்பும். அமைதியான மத்தியான வேளையில் மட்டுமே பழகியவருக்கு இது பெரிய அடி. வார இறுதி இரவில், பார்ட்டிக் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது போய்ப் பழகுங்கள். பல மையங்களில் பீர் கிடைக்கும், சுற்றி இருப்பவர்கள் குடிப்பார்கள், உபசரிக்கவும் செய்வார்கள். ஆட்டம் முடியும்வரை தண்ணீர் போதும். பாட்டிலும், கை வேர்வையைத் துடைக்க ஒரு துண்டும், கொறிக்க ஏதாவதும் பையில் இருக்கட்டும், சாப்பிடப் போன நேரத்தில் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள்.

முதல் ஆட்டம் தோற்றால்? அரங்கைவிட்டு வெளியே போய்விடாதீர்கள். அடுத்த ஆட்டம் எப்போது வேண்டுமானாலும் அழைக்கப்படலாம், அழைத்த நேரத்தில் ஆள் இல்லை என்றால் எறியாமலே தோல்வி. கைக்கோடாரி தவிர, பெரிய கோடாரி, இருவர் சேர்ந்து ஒரே பலகையில் ஒரே நேரத்தில் எறியும் ‘டூயல்ஸ்’, கத்தி எறிதல் என்று உலக லீக்கில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இவ்வளவு தூரம் செலவழித்துப் போகிறவர், போட்டியில் இன்னொரு பிரிவும் திறந்திருந்தால் அதிலும் பெயர் கொடுத்துவைப்பது புத்திசாலித்தனம். 20 வீச்சோடு திரும்ப வேண்டியிருக்காது.

விசா, விமானம்... கடைசி நேரத்துல மாட்டிக்காதீங்க

வெளிநாட்டிலிருந்து அமெரிக்கப் போட்டிக்குப் போகிறவர் விசா வகையைப் பார்க்க வேண்டும். எந்தப் பணமும் பெறாமல் அமெச்சூராக விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்வது, சுற்றுலாவுக்கான பி-2 விசாவில் அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. சம்பளம் இல்லாமல் பரிசுத்தொகைக்காக மட்டும் ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு பி-1. நீங்கள் போகும் போட்டியில் பரிசுப் பணம் இருந்தால் விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் அதை மறைக்காமல் சொல்லிவிடுவது பாதுகாப்பு. போட்டியின் அழைப்பு, பதிவு ரசீது இரண்டும் கையில் இருக்கட்டும்.

கோடாரியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பது சொல்லாமலே தெரியும். ஆனாலும் முதுகுப்பையில் மறந்து வைத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் மாட்டிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் செக்-இன் பெட்டியில் அனுமதி உண்டு. வாய்க்கு உறை போட்டு, துணியால் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கை கிழியக் கூடாது என்பதற்காக. பிரிட்டன் வழியாகப் போய் அங்கே இறங்கி ஊர் சுற்றும் திட்டம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கூரான ஆயுதம் வைத்திருப்பது அங்கே குற்றம். பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமல் இருப்பதும், போட்டிப் பதிவைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.

திரும்பும்போதும் இதே விதிதான். போகும்போது பெட்டியில் போட்ட ஞாபகம், வரும்போது ஆட்டம் முடிந்த அசதியில் இருக்காது. அரங்கைவிட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு கோடாரியையும் உறை போட்டுப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கைப்பை மட்டும் கொண்டுபோகும் மலிவு டிக்கெட் எடுத்திருந்தால், விமான நிறுவனத்திடம் செக்-இன் பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள், கவுன்ட்டரில் போய்க் கட்டினால் பெரும்பாலும் கூடுதலாகக் கேட்பார்கள்.